லாரி எஞ்சினில் கைவைத்தால் மைலேஜ் கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் டீசல் விலை ஏறும்போதெல்லாம் பட்டறைகளில் ஒரே பேச்சுதான்: எஞ்சினில் ஏதாவது செய்து லிட்டருக்குக் கால் கிலோமீட்டராவது கூட்ட முடியுமா? லாரி வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் 10 சக்கர டாரஸ் லாரி, லோடோடு மொத்த எடை 28.5 டன், டீசல் லிட்டர் 92 ரூபாய், மாதம் 8,000 கி.மீ. ஓட்டம் என்று வைத்துக்கொண்டேன். உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினை மாற்றி மைலேஜ் கூட்ட முடியுமா, முடியாதா?

கொஞ்சம் முடியும். பட்டறையில் சொல்கிற அளவுக்கு முடியாது.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் டர்போ டீசல் எஞ்சின், சரியான ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஓடும்போது, அதில் 40 சதவீதத்தை ஒட்டி வேலையாக மாற்றும். மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். இந்த 40-ஐ 42 ஆக்குவதற்கே கம்பெனிகள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. சீனாவின் வெய்ச்சாய் நிறுவனம் 2020-ல் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டோம் என்று அறிவித்தது எஞ்சின் உலகத்தில் பெரிய செய்தி. எஞ்சின் வேலை ஒன்றிலேயே 20 சதவீதம் மைலேஜ் கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், 40-ஐ 48 ஆக்கித் தருகிறேன் என்று அர்த்தம். அது ஒரு லேப்டாப்பும் அரை நாள் வேலையும் போதுகிற காரியம் இல்லை.

ஆனால் எஞ்சின் கெட்டுப்போய் 40 சதவீதம் 34-க்கு இறங்கியிருந்தால், அதைத் திரும்ப 40-க்குக் கொண்டுவர முடியும். பட்டறையில் நிஜமாகக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் இதுதான்.

அப்படியென்றால் டீசல் எங்கேதான் போகிறது?

சமதளத்தில், முழு லோடில், 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை எடுத்துக்கொள்வோம். டயர் உருள்வதற்கான இழுவை சுமார் 200 கிலோ. காற்றின் எதிர்ப்பு சுமார் 120 கிலோ. இரண்டையும் சமாளிக்க எஞ்சின் தரவேண்டிய திறன் 75 முதல் 80 குதிரைத்திறன்தான். உங்கள் எஞ்சினில் இருப்பதோ 200-க்கு மேல். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

அதே வண்டி 80-ல் போனால் டயரின் பங்கு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். காற்றின் பங்கு 120-லிருந்து 215 கிலோ வரை ஏறிவிடும், ஏனென்றால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்த வண்டி மூன்றே கால் பக்கம் இறங்கும். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமல் இவ்வளவு வித்தியாசம்.

ஈ.சி.யூ. ரீமேப் செய்தால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?

ரீமேப் என்றால் ஈ.சி.யூ. எனப்படும் எஞ்சினின் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் அட்டவணைகளை மாற்றுவது. எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் தெளிக்க வேண்டும், இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ‘ரயில்’ குழாயில் எவ்வளவு அழுத்தம், டர்போ எவ்வளவு காற்று தள்ள வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான ரீமேப்பில் செய்வது, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது கூடுதல் டீசல் விடுவது. பவர் கூடும், பிக்கப் கூடும், ஓட்டுகிறவருக்கு வண்டி இளசானது போல இருக்கும்.

மைலேஜ்? சமதளத்தில் 60-ல் போகத் தேவை 80 குதிரைத்திறன்தான் என்று பார்த்தோம். 200-ஐ 240 ஆக்கினாலும் அந்த இடத்தில் தேவை அதே 80. கூட்டிய பவர் அங்கே உபயோகத்துக்கே வராது. மேட்டில் மட்டும் உதவும்: நாலாவது கியரில் ஏறிய இடத்தை ஐந்தில் ஏறினால், ஆர்.பி.எம். குறைந்து கொஞ்சம் டீசல் மிச்சமாகும். ஆனால் பவர் கூடிய வண்டியை யாரும் பழைய வேகத்தில் ஓட்டுவதில்லை. 55-ல் ஏறிய மேட்டில் 65-ல் ஏறுவார்கள், மேட்டில் மிஞ்சியதும் போய்விடும்.

நிஜமாகவே டீசலை மிச்சப்படுத்தும் ரீமேப் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டீசல் தெளிக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் எரிப்பு சரியான நேரத்தில் உச்சத்துக்கு வரும், சில சதவீதம் மைலேஜ் ஏறும். கம்பெனிகள் ஏன் அப்படி வைக்கவில்லை? சிலிண்டருக்குள் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடு வாயு மிக அதிகமாக வரும் என்பதால்தான். அமெரிக்காவில் பெரிய எஞ்சின் கம்பெனிகளே இதைச் செய்து மாட்டிக்கொண்டன. சோதனையின்போது ஒரு டைமிங், நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போது இன்னொரு டைமிங் என்று புரோகிராம் எழுதியிருந்தார்கள். 1998-ல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், வால்வோ உட்பட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 8 கோடியே 34 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அதில் சம்பந்தப்பட்டவை சுமார் 13 லட்சம் எஞ்சின்கள். பட்டறையில் டைமிங்கை ஏற்றித் தருகிறவர் செய்வதும் இதே வேலைதான். அந்த மைலேஜுக்கான விலையை ரோட்டோரத்தில் குடியிருப்பவர்களின் நுரையீரல் கொடுக்கிறது.

யூரியாவை கட் பண்ணினால்? ஈ.ஜி.ஆர். அடைத்தால்? டி.பி.எஃப். காலி பண்ணினால்?

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 (புகை அளவுக்கான அரசு விதி) வண்டிக்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். மூன்றும் வேறு வேறு, தனித்தனியாகப் பார்ப்போம்.

யூரியா என்று நாம் சொல்லும் திரவம் 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான தண்ணீர். சைலன்சரில் தெளிக்கப்பட்டு நைட்ரஜன் ஆக்சைடை சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. பலர் நினைப்பது, யூரியா சிஸ்டம் மைலேஜைத் தின்கிறது என்று. உண்மை நேர்மாறானது. வாயுவைச் சுத்தம் செய்யும் வேலையை யூரியா பார்த்துக்கொள்வதால்தான் எஞ்சினின் டைமிங்கை மைலேஜுக்குச் சாதகமாக வைக்க கம்பெனியால் முடிகிறது. யூரியா ஓடுவது போலக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டர் கருவியை மாட்டி யூரியாவை நிறுத்தினால் டீசலில் ஒரு சொட்டும் மிஞ்சாது. மிஞ்சுவது யூரியா காசு மட்டும்: டீசலில் 5 சதவீதம் அளவு என்று வைத்தால், மாதம் 2,000 லிட்டர் டீசலுக்கு 100 லிட்டர் யூரியா. அதற்காக மாட்டும் எமுலேட்டர் கோளாறானால் கம்ப்யூட்டர் எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும், நடுவழியில் லோடோடு நிற்க வேண்டியதுதான்.

ஈ.ஜி.ஆர். வேறு கதை. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப சிலிண்டருக்குள் விட்டு எரிப்பின் சூட்டைக் குறைக்கிறது. இதனால் மைலேஜ் சற்றுக் குறையும் என்பது உண்மை. அடைத்தால் சிறிய லாபம் வரலாம். ஆனால் புதிய எஞ்சினில் டர்போ, டைமிங், ஈ.ஜி.ஆர். எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக் கணக்கிட்டு வைத்தவை. ஒன்றை மட்டும் அடைத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், பவர் குறையும், அதைச் சரிக்கட்ட ரீமேப், அப்புறம் அதற்கொரு செலவு.

டி.பி.எஃப். புகைக்கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் எரித்துத் தள்ளும். எரிக்கும்போது கொஞ்சம் கூடுதல் டீசல் போகும், புகைபோக்கியில் அடைப்பும் கொஞ்சம் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றிரண்டு சதவீதம். ஆனால் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாக எரிக்க ஆரம்பித்தால் குற்றம் டி.பி.எஃப்.பில் இல்லை. சொட்டும் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசல் தெளிப்பது), கிழிந்த டர்போ ஹோஸ், தவறான ஆயில் என்று அதற்கு முன்னால் எஞ்சின் பக்கம் ஏதோ கெட்டிருக்கிறது. அதைப் பாருங்கள்.

பழைய பம்ப் வண்டியில் டீசலைக் குறைத்து வைத்தால்?

பி.எஸ்.3 காலத்து இன்லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்ப்) வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. பம்ப்பில் அதிகபட்ச டீசலைக் குறைத்து வைத்தால், முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும்தான் அது தெரியும். சமதளத்தில் வித்தியாசம் இருக்காது. மேட்டில் பவர் போதாமல் ஒரு கியர் கீழே இறங்கி, ஆர்.பி.எம். ஏற்றி இழுக்கும்போது மிச்சம் பிடித்தது திரும்பப் போய்விடும். முழுமிதியில் கரும்புகை கக்கும் வண்டிக்கு மட்டும் குறைப்பது நியாயம். கரும்புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரியாமலே வெளியே விடும் டீசல்.

இந்த வண்டிகளுக்கு உருப்படியான வேலை மூன்று: டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் போட்டுப் பார்ப்பது, பம்ப்பை ஸ்டாண்டில் ஏற்றி எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா என்று பார்ப்பது, வால்வுகளின் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்வது. நல்ல நாசில் பனிமூட்டம் மாதிரி தெளித்து, பட்டென்று நிற்கும். தேய்ந்தது தெளித்து முடித்த பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு ஒவ்வொரு சுற்றிலும் விழுகிறது.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக்கூடாது. நம் ஊரில் மிக அதிகமாக நடக்கும் எஞ்சின் மாற்றம் இதுதான், இதை மாற்றம் என்று கூட யாரும் நினைப்பதில்லை. ரேடியேட்டர் அடைத்திருக்கும், தண்ணீர் பம்ப் தேய்ந்திருக்கும், அதைப் பார்க்க நேரமில்லாமல் எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். சூடு முள் இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி.

எஞ்சின் 80, 90 டிகிரியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாமல் இரவு ஓட்டத்தில், மழையில், காலி வண்டியில், 60 டிகிரியைத் தாண்டாமலே ஓடும். ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வு கூடும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருப்பதால் டீசல் முழுதாக எரியாமல் ஆயிலில் கலக்கும். சிலிண்டரின் உள்சுவரான லைனர் சீக்கிரம் தேயும். பி.எஸ்.6 வண்டியில் இன்னும் மோசம்: புகை போதிய சூடு இல்லாவிட்டால் யூரியா சிஸ்டம் வேலை செய்யாது, டி.பி.எஃப். அடிக்கடி நிறையும். பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாக தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போகும்போது முள் ஏறாமல் வெகுநேரம் கீழேயே கிடந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது.

பெரிய ஏர் ஃபில்டர், ஃப்ரீ சைலன்சர் போட்டால்?

சுத்தமான ஒரிஜினல் ஃபில்டரே போதும். சைலன்சரை மாற்றினால் சத்தம்தான் கூடும்.

டர்போ இல்லாத பழைய எஞ்சினில் டர்போ ஏற்றலாமா?

பிஸ்டன், கேஸ்கெட், ஆயில் வழி, கூலிங் எதுவும் அதற்காகச் செய்தவை அல்ல. கம்பெனி டர்போ எஞ்சின் செய்தபோது இவை அனைத்தையும் மாற்றித்தான் செய்தது. செலவுக்குக் கட்டாது.

காந்தம், ஹைட்ரஜன் கிட், டேங்கில் ஊற்றும் மருந்து?

டீசல் பைப்பைச் சுற்றிக் காந்தம் கட்டினால் டீசலுக்கு எதுவும் ஆகாது. ஹைட்ரஜன் கிட் என்பது பேட்டரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து அந்த வாயுவை எஞ்சினுக்கு அனுப்புவது. அந்த மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரை எஞ்சின் சுற்றுகிறது, எஞ்சின் டீசலில் ஓடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நஷ்டம், கடைசியில் போட்டதை விடக் குறைவாகத்தான் திரும்பி வரும். எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து பார்த்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்று கூட அதில் இல்லை. இதில் என்னை வருத்துவது, இவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வண்டி வைத்து, மாதத் தவணை கட்டத் திணறுகிறவர்கள். பத்தாயிரம் ரூபாய் இருந்தால் நாசில் சர்வீசுக்குக் கொடுங்கள்.

கிரவுன் மாற்றினால் மைலேஜ் வருமா?

கிரவுன் என்பது பின் அச்சில் எஞ்சின் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கரம். எஞ்சினைத் தொடாமலே எஞ்சினை நல்ல இடத்தில் ஓட வைக்கும் மாற்றம் இது, எனக்குப் பிடித்ததும் இதுதான். பத்து இருபது சைஸ் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 312 சுற்று. டாப் கியர் நேர் கியராக (எஞ்சின் சுற்று மாறாமல் அப்படியே போகும் கியர்) இருந்து, கிரவுன் விகிதம் 6 என்றால் எஞ்சின் 1,870 ஆர்.பி.எம்.மில் ஓடும். விகிதம் 5 என்றால் 1,560. ஆர்.பி.எம். மீட்டரில் சிக்கனமான சுற்றைக் காட்டும் பச்சைப் பட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல எஞ்சின்களில் 1,560 அதற்குள் விழும், 1,870 வெளியே நிற்கும். அதே பவரைக் குறைந்த சுற்றில் கொடுக்கும்போது உராய்வு நஷ்டம் குறைகிறது.

ஆனால் யாருக்கு? சேலத்திலிருந்து மும்பை, அகமதாபாத் என்று நான்குவழிச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு. குவாரியில் ஜல்லி ஏற்றும் டிப்பருக்கு, மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இது கெடுதல். கிளட்ச் போய்விடும், கியர் கீழேயே ஓடும். அந்த மாடலுக்கு கம்பெனியே கொடுக்கும் விகிதங்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டரையும் கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் வேகமும் கிலோமீட்டரும் தப்பாகக் காட்டும். புது வண்டி புக் செய்யும்போதே ரூட்டைச் சொல்லி விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மலிவான வழி.

மைலேஜ் கூடியது என்பதை எப்படி உறுதி செய்வது?

இதைச் சரியாகச் செய்யாததால்தான் எல்லா மாற்றமும் வேலை செய்வது போலத் தெரிகிறது. டேங்கை நிரப்பி, ஓட்டி, திரும்ப நிரப்பிப் பார்ப்பது சரியான முறைதான். ஆனால் சின்னச் சின்ன விஷயங்கள் கணக்கைக் கெடுக்கும்.

டீசல் சூட்டில் விரியும். 10 டிகிரி வித்தியாசத்துக்கு 300 லிட்டரில் இரண்டரை லிட்டர். விடியற்காலையில் நிரப்பியதையும் மதிய வெயிலில் நிரப்பியதையும் ஒப்பிட்டால் ஒரு சதவீதம் அங்கேயே போய்விடும். அடுத்து டயர். புது டயரில் 12 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 24 மில்லிமீட்டர் குறையும். ஓடாமீட்டர் இரண்டு சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். தேய்ந்த டயரோடு ஓடும் வண்டி மீட்டரில் நல்ல மைலேஜ் காட்டுவது இதனால்தான். புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கைத் திட்டுவார்கள்! கிலோமீட்டருக்கு ஜி.பி.எஸ்.ஸை நம்புங்கள். அப்புறம் லோடு, ரூட், காற்று, ஓட்டுகிறவர். ஒரே ஓட்டுநர், ஒரே ரூட், போகவர இரண்டு வழியும், ஒரே பங்க், ஒரே நேரம், மாற்றத்துக்கு முன் சில நடை, பின் சில நடை. இவ்வளவும் செய்து 3 சதவீதத்துக்குக் கீழே வித்தியாசம் வந்தால், அதை மாற்றத்தின் பலன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா?

ஆகாது. கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் தெளிப்பே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தானாக ஓட டீசல் குடிக்கும், எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது அந்த வழியில் ஓடும் எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து அங்கே நியூட்ரலில் விடாதீர்கள்.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. எதில் முதலில் போடுவது?

முதல் வேலைக்குப் பணமே வேண்டாம். 30 கி.மீ. ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடிவந்திருக்கிறது. எஞ்சினில் என்ன செய்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

அடுத்து டயர் காற்று, அலைன்மென்ட். நைலான் டயரிலிருந்து ரேடியலுக்கு மாறினால் உருளும் இழுவை நன்றாகக் குறையும். லிஃப்ட் ஆக்சில் (மேலே தூக்கக்கூடிய அச்சு) இருந்தால் காலி வண்டியில் தூக்கி ஓட்டுங்கள். தார்ப்பாய் படபடக்காமல் இழுத்துக் கட்டுங்கள். அதன் பிறகு நாசில், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், தெர்மோஸ்டாட். இவற்றால் 4 கி.மீ. 4.2 ஆனாலே மாதம் 95 லிட்டர், ஏறக்குறைய 8,700 ரூபாய் மிச்சம்.

எஞ்சின் மாற்றத்துக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறித்தபடி இல்லாமல் போகும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. ரீமேப் செய்தவர் மேல் வழக்கு வருகிறதோ இல்லையோ, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் மேல் வரும். ஈ.சி.யூ.வில் கைவைத்த தடயம் இருந்தால் எஞ்சின் வாரண்டியும் கிடைக்காமல் போகலாம். புது வண்டியில் ஒரு இன்ஜெக்டர் செட், ஒரு டர்போ என்ன விலை என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.